யாரும் விற்காத செய்தி

வாழப்பாடியில் எந்த உரக்கடைக்குள் நுழைந்தாலும் சுவரில் நாலு காலண்டர் தொங்கும். எல்லாம் பூச்சிமருந்துக் கம்பெனி கொடுத்தவை. எந்தப் பூச்சிக்கு எது, ஒரு டேங்குக்கு எத்தனை மில்லி என்று கடைக்காரர் மனப்பாடமாகச் சொல்வார். கையில் காசில்லை என்றால் கணக்கில் எழுதிக்கொண்டு கொடுப்பார். வேளாண் வளர்ச்சிக்கான தகவல் தொடர்பு என்று தனியாக ஒரு படிப்பைப் படித்துவிட்டு, அதற்காகக் கடல் தாண்டிப் போய்த் தன்னார்வலராகவும் இருந்துவிட்டு வந்தவள் நான். அந்தக் கடைக்காரரைவிட நன்றாக விவசாயியிடம் பேசுகிற ஆளை இன்னும் பார்க்கவில்லை. கிண்டலுக்குச் சொல்லவில்லை. அவரிடம் விற்பதற்கு ஒரு பாட்டில் இருக்கிறது. விற்க ஒன்றுமே இல்லாத செய்திகளும் விவசாயத்தில் உண்டு. அவற்றைச் சொல்வதற்குத்தான் எங்களுக்கு வேலை. இதைத் தான்சானியாவில் கற்றுக்கொண்டேன்.

2018-ல் முதுகலை முடித்தேன். கூடப் படித்தவர்களில் பலர் சென்னைக்குப் போய் விளம்பரக் கம்பெனி, டிவி சேனல் என்று சேர்ந்தார்கள். எனக்கு ஒரு தன்னார்வ அமைப்பு மூலம் தான்சானியாவின் தெற்குக் கடற்கரையில், ம்ட்வாரா பக்கம், சிறு விவசாயிகளோடு வேலை செய்யும் ஒரு சின்ன அலுவலகத்தில் இடம் கிடைத்தது. சம்பளம் கிடையாது. வாடகை, சாப்பாடு, பஸ் காசுக்குச் சரியாகப் போகிற அளவுக்கு ஓர் உதவித்தொகை. “காசு வாங்காம வேலை செய்யறதுக்கு ஆப்பிரிக்கா வரைக்கும் போகணுமா? நம்ம காட்டுல களையெடுக்க ஆள் இல்லையே பாப்பா” என்றார் பெரியப்பா. நியாயமான கேள்வி. கல்விக்கடன் தவணையை அந்தக் காலம் முழுக்க அப்பா கட்டிக்கொண்டதால்தான் நான் போக முடிந்தது. தவணையை யார் கட்டினார்கள் என்று சொல்லாமல் தன்னார்வப் பணியின் பெருமையை மட்டும் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு, அந்த மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டுக்குள் செருகிக்கொண்டு கிளம்பினேன்.

என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் குச்சிக்கிழங்கும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மரவள்ளியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் அது ஆலைப் பயிர். வெட்டிய கிழங்கு அப்படியே லாரி ஏறி சேகோ ஆலைக்குப் போகும். மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து விலை போடுவார்கள். அப்புறம் ஜவ்வரிசியாகி, பெரும்பகுதி வடமாநிலங்களுக்குப் போய் விரத நாளில் கிச்சடியாகும். நாங்கள் அவித்துத் தின்பது எப்போதாவதுதான்.

ம்ட்வாராவில் அதுதான் சோறு. காலையில் அவித்த கிழங்கு, மதியம் அதே கிழங்கு மாவில் கிண்டிய உகாலி என்ற களி. இலையையும் விடுவதில்லை. உரலில் போட்டு இடித்து, நெடுநேரம் வேகவிட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி இறக்குவார்கள். கிசாம்வு என்று பெயர். ஆடு மேய்ந்தால் வயிறு ஊதிச் செத்துவிடும் என்று நாம் கல்லெடுத்து விரட்டுகிற இலை அது. தட்டில் வைத்தபோது என் கை தயங்கியதை அலுவலகத்தில் சமைக்கும் அக்கா பார்த்துவிட்டார். இடித்து நன்றாக வேகவைத்தால் விஷம் போய்விடும் என்று சைகையிலேயே புரியவைத்துவிட்டு, தானே முதலில் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டுக் காட்டினார். அந்த வருடம் நான் பார்த்த மிகத் தெளிவான தகவல் தொடர்பு அதுதான்.

ஏனென்றால் எங்கள் அலுவலகத்துத் தகவல் தொடர்பு அந்த லட்சணத்தில் இல்லை. என் நேரத்தில் பாதி, ஐரோப்பாவிலிருந்து பணம் அனுப்புகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் வெற்றிக்கதை எழுதுவதில் போனது. சிரித்த முகத்தோடு ஒரு விவசாயி, பின்னால் பச்சை வயல், அவர் வாயிலிருந்து வந்ததாக இரண்டு வரி. அந்தக் கதைகள் இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு ஜீப்புக்கு டீசல் இல்லை என்பதால் அதைக் கேவலம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ஒரு வரிகூட அந்த விவசாயிக்குப் போய்ச் சேராது. எனக்கோ சுவாஹிலி அரைகுறை. பெரியவர்களைக் கண்டால் ஷிகாமூ சொல்ல வேண்டும், அவர்கள் மரஹபா என்பார்கள். அதற்கு மேல் பேச்சை நகர்த்த எனக்குப் பக்கத்தில் ஒருவர் வேண்டியிருந்தது. வெளிநாட்டுத் தன்னார்வலர் வந்தால் உள்ளூர்க்காரர் ஒருவருக்கு மொழிபெயர்ப்பு என்ற கூடுதல் வேலை விழுகிறது. விண்ணப்பத்தில் இதை யாரும் எழுதுவதில்லை.

அங்கே அலுவலகத்தின் பெரிய கவலை மரவள்ளியின் பழுப்புக் கோடு நோய். 1930-களிலேயே அந்த நாட்டில் கண்டறியப்பட்ட நச்சுயிரி நோய். வெள்ளை ஈ பரப்பும். அதைவிட வேகமாக மனிதர்கள் பரப்புகிறார்கள், ஒருவர் காட்டில் வெட்டிய தண்டுக் குச்சியை இன்னொருவர் வாங்கித் தன் காட்டில் நடுவதன் மூலம். நம்மூர்த் தேமல் நோய் இலையில் நன்றாகத் தெரியும். இது அப்படியில்லை. செடி ஆளுயரத்துக்குத் தளதளவென்று நிற்கும். இலையில் லேசாக ஒரு மஞ்சள், முதிர்ந்த இலை என்று விட்டுவிடத் தோன்றும். பிடுங்கிக் கிழங்கைக் குறுக்கே அரிந்தால்தான் தெரியும்: வெள்ளைச் சதைக்கு நடுவே பழுப்பாக, காய்ந்த தக்கை போலத் திட்டுத் திட்டாக ஒரு அழுகல். வெட்டியெறிய முடியாத அளவுக்குப் பரவியிருந்தால் மொத்தக் கிழங்கும் வீண்.

இதற்கு மருந்து கிடையாது. சொல்லக்கூடியதெல்லாம் இவ்வளவுதான்: நோய் கண்ட செடியைப் பிடுங்கிவிடுங்கள், அதிலிருந்து குச்சி எடுத்து நடாதீர்கள். நான் படம் போட்டு ஒரு சுவரொட்டி தயாரித்தேன். அழகாகத்தான் இருந்தது. கூட்டத்தில் ஓர் அம்மா அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வியை மொழிபெயர்த்துச் சொன்னார்கள்: “பச்சையாக நிற்கிற செடியைப் பிடுங்கச் சொல்கிறாள். பிடுங்கிய இடத்தில் எதை நடச் சொல்கிறாள்?” மரவள்ளிக்காரர்கள் கிழங்கைப் பூமியிலேயே விட்டுவைத்து, தேவைப்படும்போது தோண்டிக்கொள்வார்கள். அந்தச் செடிதான் அவர்கள் குதிர். அதைக் காலி செய்யச் சொல்கிற எங்கள் கையில் பதிலுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை.

உள்ளூர் வானொலியில் விவசாய நிகழ்ச்சி நடத்தும் இளைஞர் ஒருவர் இருந்தார். அவர் எங்கள் சுவரொட்டியை ஓரமாக வைத்துவிட்டு, அந்த அம்மாவின் கேள்வியையே ஒரு வாரம் ஒலிபரப்பினார். பதில் தெரிந்தவர்கள் மிஸ்டு கால் கொடுங்கள், நான் திருப்பிக் கூப்பிடுகிறேன் என்றார். மிஸ்டு கால் அங்கேயும் நம்மூர் மாதிரியே ஒரு தேசிய வழக்கம். வந்த பேச்சில் பாதி சண்டை. மீதிப் பேர் சொன்னது ஒன்றுதான்: நல்ல குச்சி கொடுத்தால் பிடுங்குகிறோம். நோயைத் தாங்கும் கிரோபா போன்ற ரகங்கள் அங்கே ஏற்கனவே இருந்தன. அதன் குச்சிக்கட்டுகளை ஊருக்கு இரண்டு விவசாயிகளின் நிலத்தில் பெருக்கி, பிடுங்கியவர்களுக்குக் கொடுப்பது என்று ஏற்பாடானது. அதற்குப் பிறகு சுவரொட்டியே தேவைப்படவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் 1960-களில் திருச்சி வானொலி பேசிப் பேசிப் பரப்பிய ஏ.டி.டி. 27 ரகத்தை ஜனங்கள் ‘ரேடியோ நெல்’ என்றே கூப்பிட்டதை எங்களுக்கு வகுப்பில் வானொலியின் சாதனையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். கேட்டவர் மறுநாள் போய் வாங்க விதை இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

மரவள்ளிக்கு இன்னொரு எதிரி, சாற்றை உறிஞ்சும் மாவுப்பூச்சி. நான் இருந்த ஊரில் அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டு நான் கேட்டதில்லை. ஏன் என்று அப்போது யோசிக்கவும் இல்லை. ஊர் திரும்பிய பிறகு, 2020-ல் கேரளத்தின் திருச்சூரில் மரவள்ளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதல்முறையாகத் தென்பட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சேலம், நாமக்கல் காடுகளுக்கு வந்துவிட்டது. கொழுந்து சுருண்டு முடிச்சு முடிச்சாகி, கணு நெருங்கி, செடி வளர்வதை நிறுத்திவிடும். அப்போதுதான் பழைய கதையைத் தேடிப் படித்தேன். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்தப் பூச்சி 1970-களின் தொடக்கத்தில் காங்கோ பக்கம் நுழைந்து ஆப்பிரிக்காவின் மரவள்ளி நிலங்களில் பெரும்பகுதிக்குப் பரவி விளைச்சலை அழித்திருக்கிறது. அதன் இயற்கை எதிரியான ஒரு குட்டிக் குளவியை 1981-ல் பராகுவேயில் கண்டுபிடித்து, வளர்த்து, நாடு நாடாக விட்டார்கள், பூச்சி அடங்கியது. அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியைப் பெனின் நாட்டிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவந்து பெருக்கி, 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகள் முன்னிலையில் வெளியிட்டார்கள்.

குளவி வந்தாயிற்று. இனி அதைச் சாகவிடாமல் இருக்க வேண்டும், அதாவது மருந்து அடிக்கக் கூடாது. நான் அப்போது சேர்ந்திருந்த சிறு அமைப்பு இதை ஊர் ஊராகச் சொல்லும் வேலையை எடுத்துக்கொண்டது. பெத்தநாயக்கன்பாளையம் பக்கத்து விவசாயி ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி கண்ணு, அடிக்கலைன்னா நான் என்ன செய்யறது? கையைக் கட்டிக்கிட்டு வரப்புல உக்கார்றதா?” என்றார். ம்ட்வாராவில் கேட்ட அதே கேள்வி. செய்யாதே என்று சொன்னால் மட்டும் போதாது, செய்வதற்கு ஒன்று வேண்டும்.

அதனால் அவருக்கு ஒரு வேலை கொடுத்தோம். பத்து ரூபாய் லென்ஸ் ஒன்று, பிளாஸ்டிக் டப்பா ஒன்று. சுருண்ட கொழுந்தைக் கிள்ளி வந்து பிரித்துப் பாருங்கள், மாவுப்பூச்சியில் வெள்ளையாக இருப்பது எத்தனை, பழுப்பாகக் கெட்டித்துப் போனது எத்தனை என்று எண்ணுங்கள். பழுப்பானதற்குள்தான் குளவிக் குஞ்சு இருக்கும். தாய்க் குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும், புழு உள்ளிருந்தே தின்று வளரும், கடைசியில் ஓட்டில் ஒரு வட்ட ஓட்டை போட்டு வெளியே வரும். அந்த ஓட்டையை லென்ஸில் பார்க்கலாம். டப்பாவில் போட்டு மூடி வைத்தால் சில நாளில் உள்பக்கம் சிறு புள்ளிகளாகக் குளவி நடமாடும், ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அவர் டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இதுக்கா இத்தனை அலப்பறை?” என்றார். ஆனால் டப்பாவைத் திருப்பித் தரவில்லை. டீக்கடைக்கு எடுத்துப் போனார். நாங்கள் பேசிய கூட்டங்களைவிட அந்த டீக்கடையில் அதிகம் பேசப்பட்டது. 2010-ல் பப்பாளி மாவுப்பூச்சிக்கு இதே மாதிரி வெளிநாட்டுக் குளவி விட்டதும் அது அடங்கியதும் அங்கே இரண்டு பெரியவர்களுக்கு ஞாபகம் இருந்தது. அதை எங்களுக்கு அவர்கள்தான் எடுத்துக் கொடுத்தார்கள்.

தன்னார்வலராக வெளிநாடு போகலாமா என்று இப்போது படித்து முடிக்கிற பிள்ளைகள் கேட்கிறார்கள். போகலாம். ஐ.நா. தன்னார்வலர் திட்டம் 1970 முதல் இருக்கிறது, இளைஞர்களுக்கென்று தனிப் பிரிவும் வைத்திருக்கிறார்கள். வேறு அமைப்புகளும் உண்டு. நேர்முகத்தில் அவர்கள் கேட்பதைப் போல நாமும் கேட்க வேண்டும்: நான் எழுதுவதை யார் படிப்பார்கள்? எனக்குப் பேச்சு மொழி கற்றுக்கொள்ள எத்தனை மாதம் தருவீர்கள்? நான் கிளம்பிய பிறகு இந்த வேலையை எந்த உள்ளூர்க்காரர் தொடர்வார்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வராத இடத்துக்கு நான் போக மாட்டேன்.

இப்போது எனக்கு வேலை ஏற்காட்டில். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காப்பி, இன்று பெரிய எஸ்டேட்டுகளோடு ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் மலைவாசிகளின் தோட்டங்களிலும் நிற்கிறது, சில்வர் ஓக் நிழலும் அதில் ஏறிய மிளகுமாக. அங்கே தொல்லை வெள்ளைத் தண்டுத் துளைப்பான். வெயில் படும் அரபிகாக் காப்பிச் செடியின் தண்டில், பட்டை இடுக்கில் வண்டு முட்டையிடும், புழு உள்ளே குடைந்து போகும், தண்டின் மேல் வளையம் வளையமாகப் புடைத்துத் தெரியும். நிழலைச் சரியாக வைத்துக்கொள்வது, பட்டையைத் தேய்த்துவிடுவது எல்லாம் தடுக்கிற வழிகள். புகுந்துவிட்டால் செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டும். வண்டு வெளியே வருவது ஏப்ரல், மே மாதங்களில் ஒரு முறை, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மறுமுறை. ஆகவே செப்டம்பரில் பிடுங்க வேண்டும். பழம் பறிப்பதோ நவம்பருக்கு மேல்.

“இந்த வருசக் காய் நிக்குதே, பறிச்சுட்டுப் பிடுங்கறனே” என்பார்கள். அவர்கள் கணக்கில் தப்பில்லை. புதுச் செடி காய்க்க மூன்று, நான்கு வருடம் ஆகும். பறிப்பு முடிவதற்குள் வண்டு பறந்து பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிருக்கும், அந்த நஷ்டம் பக்கத்துக்காரர் கணக்கு. இங்கே டப்பாவில் போட்டுக் காட்ட நல்லது செய்யும் பூச்சி எதுவும் இல்லை. கொடுக்கக்கூடியது நாற்று மட்டும்தான், அதோடு பிடுங்கிய செடியின் அந்த வருடக் காய்க்கு ஏதாவது ஈடு. அதற்கு யார் பணம் தருவார்கள் என்றுதான் இப்போது அலைந்துகொண்டிருக்கிறேன். நாகலூர்ப் பக்கம் சில குடும்பங்கள், எல்லாரும் ஒரே வாரத்தில் பிடுங்குவதாக இருந்தால் தாங்களும் சம்மதம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் முதலில் பிடுங்க மாட்டாராம். நாற்றங்கால் மட்டும் ஆரம்பித்துவிட்டோம்.