கத்திரி வெயிலில் ஒரு பனிச்சறுக்குத் திட்டம்

வேலூரில் கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் கம்பளிக் கையுறை கேட்டால், கடைக்காரர் நம்மை ஏற இறங்கத்தான் பார்ப்பார். பார்க்கட்டும். ஜூலையில் பனிச்சறுக்குக்குப் போகிறோம்.

எங்கே போவது என்பதில்தான் இழுபறி: மைத்துனருக்கு ஆஸ்திரியாவின் ஹின்டர்டக்ஸ் பிடித்திருக்கிறது, எனக்கு சுவிட்சர்லாந்தின் செர்மாட். இரண்டுமே கோடையிலும் சறுக்க முடிகிற பனியாறுகள் உள்ள இடங்கள். செர்மாட்டில் கேபிள் கார் 3,883 மீட்டர் உயரம் வரை போகிறது. நம் ஏலகிரி சுமார் 1,100 மீட்டர்தான்! அதனால் போய் இறங்கியவுடன் மேலே ஓடக்கூடாது, முதல் நாள் ஊருக்குள் நடை மட்டும் என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

கோடைச் சறுக்கின் சூட்சுமமே நேரம்தான். இரவில் உறைந்த பனி விடியலில் கெட்டியாக, வழவழப்பாக இருக்கும். வெயில் ஏற ஏற மேல்பரப்பு இளகி, நண்பகலில் கூழாகிவிடும். சறுக்குக் கட்டை அதில் புதைந்தால் முழங்காலுக்குத்தான் ஆபத்து. ஆகவே அதிகாலையிலேயே கேபிள் காரில் ஏறிவிட வேண்டும். எட்டு மணிக்கு முன் எழாத எங்கள் பிள்ளைகளை நினைத்தால்தான் கவலை.

பிற்பகல் முழுக்க சறுக்குக்கு ஓய்வு. செர்மாட்டில் 1898 முதல் ஓடும் கோர்னர்கிராட் பல்சக்கர ரயில், மலைப்பாதை நடை, சைக்கிள் எல்லாம் அப்போதுதான். ஹின்டர்டக்ஸ் என்றால் பளிங்குக் குகை ஒன்று இருக்கிறது; மைத்துனரின் வாதத்தில் எனக்குப் பிடித்தது அது மட்டும்தான்.

இரண்டுக்கும் ஷெங்கன் விசாதான். சறுக்குக் கட்டை, காலணி அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் வேலூர்க்காரர்களையும் கருக்கிவிடும் என்பதால் கறுப்புக் கண்ணாடி மட்டும் இங்கிருந்தே வாங்க வேண்டும். காட்பாடிப் பக்கம் நல்ல கடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.