பெல்ட்டை இறுக்குவதற்கு முன் ஐட்லர் புல்லியைச் சுற்றிப் பாருங்கள்

இன்ஜின் முன்பக்கம் கீச்சென்று சத்தம் வந்ததும் பலர் செய்வது பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்குவது. தேய்ந்துபோனது ஐட்லர் (எதையும் ஓட்டாமல், பெல்ட்டை வழிநடத்த மட்டும் சுழலும் புல்லி) பேரிங் என்றால் அதனால் பயனில்லை. கூடுதல் இழுவை ஆல்டர்னேட்டர் பேரிங்கையும் வாட்டர் பம்பையும் சேர்த்துக் கெடுக்கும்.

இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது தள்ளி நின்று, பெல்ட்டின் ரிப் பக்கத்தில் (நீளவாக்கில் வரிவரியாக இருக்கும் பக்கம்) சிறிது தண்ணீர் தெளியுங்கள். சத்தம் அடங்கி மீண்டும் வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. உடனே கூடினால் பெல்ட் தொய்வு. மாற்றமே இல்லையென்றால் பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பெல்ட் ஓடும் பாதையைப் படம் எடுத்துக்கொண்டு பெல்ட்டை எடுங்கள். இப்போது ஐட்லரைக் கையால் சுற்றுங்கள். நல்ல பேரிங் கிரீஸின் பிடிப்பால் சத்தமின்றிச் சீக்கிரம் நின்றுவிடும். பம்பரம் போல வெகுநேரம் சுற்றினால் "நன்றாகத்தான் இருக்கிறது" என்று நினைத்துவிடாதீர்கள், உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது. கரகரப்போ பக்கவாட்டில் ஆட்டமோ இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

நடு போல்ட்டைக் கழற்றும் முன் மேனுவலைப் பாருங்கள். சில வண்டிகளில் அது இடது மரை, அதாவது வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். தவறான பக்கம் பலம் கொடுத்தால் போல்ட் உடையும். வாஷரும் ஸ்பேசரும் எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்பதைக் குறித்துவையுங்கள். ஸ்பேசர் திரும்பிப் போனால் புல்லி ஓரிரு மில்லிமீட்டர் விலகும். அதற்கே பெல்ட்டின் ஓரம் நார்நாராகப் பிரியத் தொடங்கும். புதிய புல்லியின் விட்டம், அகலம் இரண்டும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். பெல்ட்டின் முதுகைத் தொடும் புல்லி வழவழப்பாகவும், ரிப் பக்கம் தொடுவது பள்ளங்களோடும் இருக்கும். உலோகப் புல்லியில் பேரிங்கை மட்டும் மாற்றுபவர்கள் வெளி வளையத்தில் மட்டுமே அழுத்த வேண்டும்; உள் வளையத்தைத் தட்டினால் புது பேரிங்கும் அப்போதே கெட்டுவிடும். பிளாஸ்டிக் புல்லி என்றால் முழுசாக மாற்றுவதே நல்லது. போல்ட்டை டார்க் ரெஞ்சில், மேனுவல் சொல்லும் அளவுக்கே இறுக்குங்கள். அலுமினியப் பிராக்கெட்டில் மரை சீக்கிரம் போய்விடும்.

படத்தில் உள்ளபடி பெல்ட்டை மாட்டுங்கள். ஸ்பிரிங் டென்ஷனர் (பெல்ட்டைத் தானே இழுத்துப் பிடிக்கும் பாகம்) உள்ள வண்டியில் இதற்குமேல் அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. டென்ஷனரின் முள் குறிகளுக்கு இடையில் நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

பிராக்கெட்டின் நீளத் துளையில் ஐட்லர் புல்லியை நகர்த்தி பெல்ட்டை இறுக்கும் வகைக்குத்தான் பொறுமை தேவை. நடு நட்டை அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். முழுதாகத் தளர்த்தினால் புல்லி சாய்ந்துவிடும். அட்ஜஸ்டிங் போல்ட்டைக் கால் கால் சுற்றாகத் திருப்பி, நீளமான இடைவெளியின் நடுவில் பெல்ட்டை அழுத்திப் பாருங்கள். தொய்வு எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு அழுத்தத்தில் என்பது மேனுவலில் இருக்கும். புது பெல்ட்டுக்கும் ஓடிய பெல்ட்டுக்கும் தனித்தனி அளவு. நடு நட்டை இறுக்கும்போது இழுவை மாறும் என்பதால், இறுக்கிய பிறகே கடைசியாக அளக்க வேண்டும்.

ஒவ்வொரு ரிப்பும் அதன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, கிராங்க் போல்ட்டை (பெல்ட்டை ஓட்டும் கிராங்க் புல்லியின் நடுவில் இருப்பது) ஸ்பேனரால் இரண்டு சுற்று சுற்றுங்கள். பிறகு பேட்டரியை இணைத்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, தொய்வை மறுபடி அளந்துகொள்ளுங்கள்.