மழைக்கு முன்பே கூட்டி அள்ள வேண்டியது

ஓசூரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சுற்றுச்சூழல் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் வேலை என்றதும் எல்லோரும் கேட்பது ஈடிபி, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், ஒழுங்காக ஓடுகிறதா என்றுதான். அதற்கு மீட்டர் உண்டு, பதிவேடு உண்டு, ஆள் உண்டு. மழைநீர் வடிகாலைக் கேட்பார் இல்லை. மழைத்தண்ணிதானே, அதில் என்ன இருக்கப்போகிறது என்ற நினைப்பு. ஆற்றுக்குப் போகும் உலோகத்தில் கணிசமான பங்கு அந்த வடிகால் வழியாகத்தான் போகிறது என்பதை இங்கே ஒவ்வொருவருக்கும் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது.

ஒரு ஏக்கர் தளத்தில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 40,000 லிட்டர் தண்ணீர். அத்தனையும் கூரையையும் ஸ்கிராப் யார்டையும் லாரி நிற்கும் இடத்தையும் கழுவிக்கொண்டுதான் வெளியேறும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் கூரையிலிருந்து துத்தநாகம் கரையும். டயர் தேய்ந்த தூளிலும் துத்தநாகம் உண்டு. பிரேக் தேய்ந்தால் செம்பு உதிரும். இதற்குமேல் லேத், அதாவது கடைசல் இயந்திரத்திலிருந்து வரும் உலோகச் சீவல், கடையும்போது சூடு தணிக்க ஊற்றும் கூலன்ட் சொட்டச் சொட்ட. பெங்களூரு நெடுஞ்சாலை ஊரை அறுத்துக்கொண்டு போவதால், கம்பெனி கேட்டுக்கு வெளியே சாலைத் தூசியிலும் இதே கதைதான்.

கோடை மழை ஒன்றில் வடிகால் வாயில் பாட்டில் பாட்டிலாகப் பிடித்தோம். முதல் பாட்டில் கறுப்பு, மேலே எண்ணெய்ப் படலம். நேரம் ஆக ஆகப் பழுப்பாகி, கடைசியில் கிட்டத்தட்டத் தெளிந்துவிட்டது. பல நாள் சேர்ந்த அழுக்கை முதலில் பெய்கிற மழையே பெரும்பாலும் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. அப்புறம் வடிகால் மண்ணைக் காயவைத்து ஒரு காந்தத்தை அதன்மேல் இழுத்தேன். மீசை முளைத்ததுபோல இரும்புத் தூள் அப்பிக்கொண்டு வந்தது. துத்தநாகமும் செம்பும் காந்தத்துக்கு வராது. அவற்றுக்கு லேப்தான். அங்கேயும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கரைந்திருக்கும் உலோகம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், மாதிரியை முதலில் வடிகட்டிவிட்டுத்தான் அமிலம் சேர்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் மண்ணில் ஒட்டியிருந்ததும் கரைந்து கணக்கில் ஏறிவிடும். மண்ணோடு போவதை வண்டல் தொட்டி கட்டிப் பிடித்துவிடலாம். கரைந்து போவதற்குத் தொட்டி மட்டும் போதாது, மண்ணும் மக்கிய உரமும் செடியும் கொண்ட வடிகட்டும் பாத்தி மாதிரி ஏதாவது வேண்டும். எதற்குச் செலவு செய்வது என்பதே அந்த ரிப்போர்ட்டைப் பொறுத்ததுதான்.

ஆனால் எங்களுக்கு அதிகம் உதவிய யோசனை துப்புரவுப் பணி பார்க்கும் அக்கா ஒருவர் சொன்னது. வாரக் கடைசியில் யார்டை ஹோஸ் பிடித்துக் கழுவுவது வழக்கம். “சார், தண்ணி அடிச்சா பாக்கத்தான் சுத்தமா இருக்கும். எல்லாம் அந்தக் காவாய்க்குள்ளதான் போவுது. கூட்டி அள்ளிட்டா நம்ம கையிலயே இருக்குமே” என்றார். சரி என்று ஹோஸை நிறுத்தினோம். உலர்ந்த தரையைக் கூட்டி, அள்ளியதை மூடி போட்ட டிரம்மில் சேர்க்கிறோம். சீவல் தொட்டிகளைக் கூரைக்கு அடியில் கொண்டுவந்தோம். அவற்றைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்குக் கரை கட்டினோம். சொட்டும் கூலன்ட் அதற்குள் நின்றுவிடுகிறது, வெளித் தண்ணீரும் உள்ளே வருவதில்லை. இதில் எதற்கும் பெரிய பொறியியல் தேவைப்படவில்லை. இப்போது முதல் மழைத் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் கண்ணில் படுவதே அபூர்வம்.

ஒரு கம்பெனி மட்டும் செய்தால் ஆறு தேறிவிடாது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஓசூருக்குப் பக்கத்தில் தென்பெண்ணை ஆற்றில் இருக்கும் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும்போதெல்லாம் நாம் பெங்களூருப் பக்கம் கை காட்டுகிறோம். அது நியாயம்தான். நகரக் கழிவுநீரைச் சுமந்துகொண்டுதான் தென்பெண்ணை நம் எல்லைக்குள் நுழைகிறது. ஆனால் நுரை கண்ணுக்குத் தெரியும், உலோகம் தெரியாது. அது மக்குவதும் இல்லை. அடியில் படிந்து கிடக்கும், வெள்ளம் வந்தால் கிளம்பிக் கிருஷ்ணகிரி அணைப் பக்கம் நகரும். அணைத் தண்ணீரை நம்பி நெல் நடுகிறவர்களுக்கு ஓசூரில் எந்த யார்டு கூட்டப்பட்டது, எது கூட்டப்படவில்லை என்று எப்படித் தெரியும்?

எனக்கு இப்போது பெரிய கவலை தூர்வாருவதில்தான். வடிகாலில் அள்ளிய மண்ணை ஓரத்திலேயே குவித்து வைத்தால் அடுத்த மழைக்குத் திரும்ப உள்ளே போய்விடும். அதைவிட மோசம், தொழிற்பேட்டைத் தண்ணீர் சேரும் ஏரியின் வண்டலை நல்ல மண் என்று நம்பி விவசாயிகள் வயலுக்கு ஓட்டிப்போவது. வண்டல் எடுக்க அனுமதி கொடுக்கும்போதே, அப்படிப்பட்ட ஏரிகளில் மட்டுமாவது வரத்து வாய்க்கால் வாயில், நடுவில், மதகுப் பக்கம் என மண் எடுத்து துத்தநாகம், ஈயம், குரோமியம், நிக்கல், காட்மியம் பார்த்துவிட வேண்டும். வரத்து வாயில் படிந்தது மோசமாக இருந்தால் அதை மட்டும் தனியே எடுத்து அபாயகரக் கழிவுக்கான இடத்துக்கு அனுப்பலாம். சோதனையில் தேறிய மீதியை விவசாயிகள் தாராளமாகக் கொண்டுபோகட்டும்.