சாபேர்: ஒரு வினைச்சொல், இரண்டு இறந்தகாலம்

ஸ்பானிஷில் நிகழ்காலம் ஓரளவு கைக்குப் பழகிவிட்டது. இறந்தகாலத்தில் கால் வைத்ததும் வேகம் குறைந்தது, காரணம் அங்கே இரண்டு இறந்தகாலங்கள். பட்டியல் பட்டியலாக உருப்போடுவதை விட்டுவிட்டு ஒரே ஒரு வினைச்சொல்லை எடுத்து அடிமுதல் நுனிவரை பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எடுத்தது 'சாபேர்'. தெரிந்திருப்பது, அறிந்திருப்பது என்று பொருள். 'நோ சே' (எனக்குத் தெரியாது) என்று முதல் வாரத்திலேயே எல்லோரும் சொல்லக் கற்றுக்கொள்வார்களே, அந்தச் சொல்தான்.

முதலில் வடிவங்கள். இம்பெர்ஃபெக்தோ என்கிற இறந்தகாலம் சாது: சாபியா, சாபியாஸ், சாபியா, சாபியாமோஸ், சாபியான். இன்னொன்றான ப்ரெத்தேரிதோவில் வேரே மாறிவிடுகிறது: சூப்பே, சுப்பிஸ்தே, சூப்போ, சுப்பிமோஸ், சுப்பியேரோன். (ஸ்பெயினில் மட்டும் புழங்கும் 'நீங்கள்' வடிவத்தை இப்போதைக்குத் தொடவில்லை.) லத்தீனில் 'சாபுயி' என்று இருந்தது பழைய ஸ்பானிஷில் 'சோப்பே' ஆகி, பிறகு 'சூப்பே' ஆகியிருக்கிறது. இதே விகுதிகளோடு ஒரு கூட்டமே இருக்கிறது: தெனேர் 'தூவே' ஆகும், எஸ்தார் 'எஸ்தூவே' ஆகும், போதேர் 'பூதே' ஆகும். இடம் கொள்ளுவதைக் குறிக்கும் 'காபேர்' அச்சு அசலாக சாபேரின் உடன்பிறப்பு, அது 'கூப்பே'. ஒன்றை வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் மற்றவை தாமாக வந்து ஒட்டிக்கொள்கின்றன. அழுத்தம் மட்டும் கவனம்: பேசினேன் என்பதற்கு 'ஆப்லே' என்று கடைசி அசையை அழுத்த வேண்டும், 'சூப்பே'யில் முதல் அசையை.

நோட்டில் தமிழ் எழுத்திலேயே எழுதிவைக்கிறேன். உயிர்களுக்கு நடுவே வரும் ஸ்பானிஷ் 'ப' உதடு முழுக்க ஒட்டாத மெல்லிய ஒலி. 'அபாயம்' என்று நாம் சொல்லும்போது வருவதற்கு மிகப் பக்கம். அழுத்தமான ஒலிக்கு 'ப்ப' போட்டால் போதும். ஆங்கில எழுத்தில் எழுதிப் படித்தால் இந்த வசதி கிடையாது.

இனி பொருள். ஆங்கிலம் வழியாகச் சொல்லித்தரும் பாடங்களில் 'சாபேர் ப்ரெத்தேரிதோவில் பொருள் மாறும்' என்று ஒரு பெட்டிச் செய்தி தவறாமல் இருக்கும். சாபியா என்றால் ஏற்கனவே தெரிந்திருந்தது, சூப்பே என்றால் அப்போதுதான் தெரிந்தது. தமிழ்க்காரருக்கு இதில் மலைப்பதற்கு ஒன்றும் இல்லை. 'எனக்கு அப்போதே தெரியும்', 'எனக்கு நேற்றுதான் தெரிந்தது' என்று நாமும் வடிவத்தை மாற்றித்தானே பேசுகிறோம்? இந்த ஜோடியைப் பாருங்கள்:

'குவாந்தோ யெகே, யா லோ சாபியா தோதோ எல் புவெப்லோ.' நான் போய்ச் சேர்ந்தபோது ஊருக்கே தெரியும்.

'குவாந்தோ யெகே, லோ சூப்போ தோதோ எல் புவெப்லோ.' நான் போய்ச் சேர்ந்ததும் ஊருக்கே தெரிந்துவிட்டது.

செய்திகளில் 'சே சூப்போ கே...' என்று ஒரு தொடர் வரும். நம் தினசரிகளின் 'விசாரணையில் தெரியவந்தது' இருக்கிறதே, அதே வேலை. பேச்சில் 'எனக்குத் தெரியவந்தது' என்பதற்கு 'மே என்தெரே' என்ற வேறு வினையைத்தான் அதிகம் சொல்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொண்டேன்.

சரி, முடிந்தது என்று நோட்டை மூடப் போனபோது 'நோ சூப்பே கே தெசிர்' கண்ணில் பட்டது. என்ன சொல்வதென்றே தெரியவில்லை என்று பொருள். இங்கே யாருக்கும் எதுவும் புதிதாகத் தெரியவரவில்லையே! பெட்டிச் செய்தி இங்கே கைவிரித்துவிடுகிறது. தமிழ் கைவிடவில்லை. 'அப்போது எனக்கு நீச்சல் தெரியாது' என்போம். ஆனால் 'அந்த நேரத்தில் என்ன சொல்வதென்று தெரியவில்லை' என்போம். நீடித்த நிலைக்குத் 'தெரியாது', அங்கே 'நோ சாபியா'. ஒரு கணத்தில் திகைத்து நின்றதற்குத் 'தெரியவில்லை', அங்கே 'நோ சூப்பே'. எல்லா இடத்திலும் பொருந்தாதுதான், ஆனாலும் நல்ல கைப்பிடி.

அவ்வப்போது காணொளியில் பேசும் மெக்சிகோ நண்பர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். இம்பெர்ஃபெக்தோவுக்கு அவர்கள் பள்ளியில் படித்த பெயர் 'கோப்ரெத்தேரிதோ' என்றார். தேடிப் பார்த்தால், வெனிசுவேலாவில் பிறந்து சிலியில் குடியேறிய ஆந்திரேஸ் பெய்யோ, 1847இல் வெளியிட்ட இலக்கணத்தில் வைத்த பெயர் அது. கடந்துபோன வேறொன்றோடு உடன் நிகழ்ந்தது என்று அர்த்தம். நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும், ஊருக்குத் தெரிந்திருந்ததும் உடன் நிகழ்ந்தவை, ஆகவே சாபியா. உடன் நிகழ்ந்ததாகக் காட்டாமல், தானே முழுசாக நடந்து முடிந்ததாகச் சொன்னால் சூப்பே. என் பார்வையில் பெட்டிச் செய்தியை விட இந்தப் பெயர் எவ்வளவோ மேல். ஸ்பெயின் பாடநூல்கள் ஏன் இதை ஓரங்கட்டினவோ!

தமிழும் கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு. 'சியெம்ப்ரே லோ சூப்பே', எனக்கு எப்போதுமே தெரியும். எப்போதும் என்று வந்துவிட்டால் சாபியாதான் வரும் என்று தோன்றும். ஆனால் கேட்கக் கிடைப்பது பெரும்பாலும் சூப்பேதான். அவ்வளவு காலத்தையும் ஒரே கட்டாக எடுத்துப் பேசுகிறார்கள். இதைக் காதால் கேட்டுத்தான் பழக வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் ஓர் எதிர்பாராத வரவு. சாபேருக்கு 'சுவை தருவது' என்றும் பொருள் இருக்கிறது. லத்தீன் மூலச் சொல்லுக்கே முதல் பொருள் சுவைதானாம். ஹோமோ சேப்பியன்ஸில் இருப்பதும் அதே வேர். 'லா சோப்பா சாபியா ஆ ஆஹோ' என்றால் சூப்பில் பூண்டு வாசம் தூக்கலாக இருந்தது. 'மே சூப்போ ஆ போக்கோ' என்றால் இன்னும் கொஞ்சம் கிடைத்திருக்கலாமே என்று இருந்தது. சாப்பாட்டுக்கு மட்டுமல்ல, சீக்கிரம் முடிந்துபோன விடுமுறைக்கும் சொல்லலாம்.

அடுத்து 'கெரேர்', விரும்புவது. 'நோ கெரியா இர்' என்றால் போக மனமில்லை. ஆனால் போயும் இருக்கலாம். 'நோ கீசே இர்' என்றால் போக மாட்டேன் என்றுவிட்டேன். இதையும் பாடங்களில் 'பொருள் மாறும்' பெட்டியில்தான் போட்டிருக்கிறார்கள். இந்த முறை பெய்யோவின் பெயரை வைத்துக்கொண்டுதான் தொடங்கப் போகிறேன்.