டிராயரில் இருந்த அடையாள அட்டை

மாமாவின் சிபாரிசில்தான் எனக்கு மும்பையில் வேலை கிடைத்தது. இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. 2007-ல் தூத்துக்குடியில் பி.காம் முடித்துவிட்டு வந்து, சயான் கோலிவாடாவில் மாமா வீட்டில் தங்கியிருந்தேன். அவர் பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில், அதாவது வெளிநாட்டுச் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் வேலையை முடித்துக் கொடுக்கும் இடத்தில், பத்தொன்பது வருஷமாக இருந்தார். ஒரு திங்கட்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போய் மேனேஜர் முன்னால் நிறுத்தினார். அவரும் திருநெல்வேலிப் பக்கம்தான். "அக்கா பையன் சார். மூணு மாசம் பாருங்க, சரிவரலன்னா அனுப்பிடுங்க, வீட்டுல நான் பேசிக்கிறேன்" என்றார். அவ்வளவுதான் என் இன்டர்வியூ. ஆபீசுக்குள் அவரை மாமா என்று கூப்பிடக் கூடாது, சார் என்றுதான் சொல்ல வேண்டும் என்பதையும் அன்றே சொல்லிவிட்டார்.

முதலில் கஸ்டம்ஸ் கொடுக்கும் எச் கார்டு என்ற அனுமதி அட்டைதான். ஃபைலைத் தூக்கிக்கொண்டு கஸ்டம்ஸ் ஹவுசுக்கும் ஆபீசுக்கும் ஓடலாம், ஆனால் ஆவணத்தில் கையெழுத்துப் போட முடியாது. அதற்கு கஸ்டம்ஸ் நடத்தும் பரீட்சையில் பாஸாகி ஜி கார்டு வாங்க வேண்டும். அந்த இடத்தில் மாமாவால் எனக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு தடவை தோற்று, அடுத்த தடவைதான் தேறினேன்.

பக்கத்து சீட்டில் ஒரு மராத்தி அண்ணன். 1966-ல் சிவசேனா தொடங்கிய காலத்தில் அவருடைய அப்பா வேலை தேடிக்கொண்டிருந்தாராம். மதராசிகள் ஆபீஸ்களில் தங்கள் ஆட்களையே கொண்டுவந்து நிரப்புகிறார்கள் என்பதுதான் அப்போதைய பேச்சு. அந்தக் கோபத்தில் நம் ஆட்கள் அடி வாங்கியதை நான் ஒருநாளும் நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒருநாள் சாப்பிடும்போது அவர் கேட்டார், "நீ உட்கார்ந்திருக்கிற இந்த சீட் காலியா இருந்தது எங்க தெருவில் யாருக்குத் தெரியும்?" என்று. என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

2018 ஜூலையில் அதே ஆபீசில் ஒரு இடம் காலியானது. அப்போது ஆள் எடுக்கும் பொறுப்பு என்னிடம். எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுத்தேன்: ஷாங்காயிலிருந்து வந்த சரக்கின் எஃப்.ஓ.பி இன்வாய்ஸ் (கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் சேராத விலை), கப்பல் கூலி ரசீது இருக்கிறது, இன்சூரன்ஸ் விவரம் இல்லை, சுங்க மதிப்பு எவ்வளவு? கல்யாணிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். வேலை பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் அரைநாள் லீவு போட்டுவிட்டு, துப்பட்டா நுனியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, சர்டிஃபிகேட்டுகளை மட்டும் இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் நனையாமல் வைத்துக்கொண்டு வந்தார். இன்சூரன்ஸுக்கு 1.125 சதவீதம் சேர்த்தார். பழைய ஆட்களே பழக்கதோஷத்தில் போட்டுவிடும் ஒரு சதவீத லேண்டிங் சார்ஜை, அதாவது சரக்கைக் கரையில் இறக்கும் செலவை, விட்டுவிட்டு, ஓரத்தில் '2017 செப்டம்பர் முதல் கிடையாது' என்று எழுதியிருந்தார். அன்று வந்தவர்களில் அதைச் சரியாக எழுதியவர் அவர் ஒருவர்தான்.

தாள்களைச் சேர்த்துப் பின் அடிக்க ஸ்டேப்ளர் தேடி முதலாளி அறையில் டிராயரைத் திறந்தேன். உள்ளே ஒரு புது அடையாள அட்டை, பிளாஸ்டிக்கின் மேல்தாள்கூட உரிக்காமல் கிடந்தது. முதலாளியின் மைத்துனர் மகனுடைய போட்டோ. பணியில் சேரும் தேதி முந்தின வாரத்துத் தேதி.

வெளியே வந்து அந்தப் பெண்ணிடம் "சொல்லி அனுப்புறோம்மா" என்றேன். அவர் "சரி சார்" என்று சொல்லிவிட்டு மறுபடி மழையில் இறங்கிப் போனார்.

கூட வேலை பார்த்தவர்கள், அவர் கம்பெனி, அவர் இஷ்டம் என்றார்கள். சட்டப்படி அது சரிதான். அரசியலமைப்பின் 16(2) வம்சாவளியைப் பார்த்து வேலையில் பாகுபாடு கூடாது என்று சொல்வது அரசு வேலைக்குத்தான், தனியார் கம்பெனியை அது கட்டுப்படுத்தாது. சரி, அப்படியென்றால் சொந்தக்காரப் பையனை நேராக எடுத்துக்கொள்ளலாமே, எதற்கு இத்தனை பேரை ரயிலேறி வரச் சொல்ல வேண்டும்? இன்னொன்றும் இருக்கிறது. என்னைச் சேர்த்துவிட்டபோது மாமா தன்னுடைய பத்தொன்பது வருஷப் பெயரை அந்த மேஜை மேல் வைத்தார், நான் உதவாவிட்டால் அனுப்பிவிடச் சொன்னார். அந்தப் பையனை அனுப்பச் சொல்லும் தைரியம் ஆபீசில் யாருக்கும் இல்லை. அவன் தப்பாகப் போட்ட பில் ஆஃப் என்ட்ரிகளை, அதாவது கஸ்டம்ஸுக்குக் கொடுக்கும் இறக்குமதி விவரப் படிவங்களை, ஆறு மாதம் நாங்கள் ராத்திரி உட்கார்ந்து திருத்தினோம், அப்புறம் அவன் எனக்கு மேல் சீட்டுக்குப் போனான். நான் அடுத்த வருஷம் வெளியே வந்தேன்.

இப்போது இருக்கிற இடத்தில், காலியிடம் உண்மையிலேயே காலியா என்று முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டுதான் ஆட்களைக் கூப்பிடுகிறேன். போன தீபாவளிக்கு முன்னால் என் அக்கா போன் செய்தாள், மகனைச் சேர்த்துவிடச் சொல்லி. வரச் சொன்னேன். எல்லோருக்கும் கொடுத்த தாள்தான் அவனுக்கும். பெயரை மறைத்து வேறொருவர் திருத்தினார். அவன் நான்காவதாக வந்தான், முதலில் வந்த கோவண்டிப் பையனை எடுத்தோம். அடுத்த தடவை எழுது, நான் சொல்லித் தருகிறேன் என்றேன், இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து படித்துவிட்டுப் போனான். அக்காதான் இன்னும் பேசவில்லை. "மாமா உனக்குச் செய்ததை நீ என் பிள்ளைக்குச் செய்யல" என்று அம்மாவிடம் சொன்னாளாம்.