கேட்சரின் கிளவுஸைப் பாருங்கள்

ஏப்ரல் என்றால் வசந்தம் என்று காலண்டர் சொல்லும். அமெரிக்காவில் இண்டியானபொலிஸ் நகரின் விக்டரி ஃபீல்ட் பேஸ்பால் மைதானத்தில் இரவு ஆட்டம் பார்க்க உட்கார்ந்தால்தான் நிலவரம் தெரியும். குல்லா, இரண்டு ஸ்வெட்டர், மடியில் போர்வை. அந்தக் கோலத்தில் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் ஒருவன் நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தால், அது நான்தான். போன முறை ஊரிலிருந்து வந்தபோது அம்மா இந்த நோட்டுகளில் ஒரு டஜன் கொண்டுவந்தார், பேரன் தமிழ் எழுதிப் பழகட்டும் என்று. எட்டு நோட்டு, பந்து போடும் பிட்சர்களுக்கே போய்விட்டது.

இண்டியானபொலிஸ் இண்டியன்ஸ், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் டிரிபிள்-ஏ அணி. பைரேட்ஸ் ஆடும் உச்சப் போட்டியான மேஜர் லீகுக்கு ஒரு படி கீழே. பைரேட்ஸ் எடுக்கும் பையன்கள் ஃபுளோரிடாவில் பிராடன்டன், அப்புறம் வட கரோலினாவில் கிரீன்ஸ்பரோ, அப்புறம் பென்சில்வேனியாவில் ஆல்டூனா என்று ஏறிவந்து கடைசியாக எங்கள் ஊரில் நிற்பார்கள். பைரேட்ஸ் கையை இறுக்கிப் பிடித்துச் செலவு செய்யும் அணி. பெரிய பிட்சரை வெளியிலிருந்து விலைக்கு வாங்குவது அவர்களுக்கு ஆகாத காரியம். சொந்தத் தோட்டத்தில் விளைந்தால்தான் உண்டு. 2015க்குப் பிறகு பிளேஆஃப் பக்கமே அவர்கள் போகவில்லை என்பதிலிருந்து விளைச்சல் எப்படி என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

முதல் வருடம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு எல்லாமே ஃபுல்டாஸ். தரையில் படாமல் நேராக இடுப்பு உயரத்துக்கு வரும் பந்தை அடிக்க முடியாமல் இவர்கள் ஏன் தடுமாறுகிறார்கள் என்று மனைவியிடம் கேட்டிருக்கிறேன். அவள் சொன்னாள்: "நீங்க போய் அடிச்சுக் காட்டுங்களேன்."

2017 கோடையில் டைலர் கிளாஸ்னோவைப் பார்த்தபோதுதான் பைத்தியம் பிடித்தது. ஆறடி எட்டு அங்குலம். மேட்டில் நின்று கையை நீட்டினால் பாதி தூரம் வந்துவிட்டதுபோல இருக்கும். அந்த வருடம் இங்கே 93 இன்னிங்ஸ் சொச்சத்தில் 140 ஸ்டிரைக்அவுட் (மூன்று ஸ்டிரைக்கில் பேட்டர் வெளியே), ஈ.ஆர்.ஏ. (ஒரு முழு ஆட்டம், அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுக்கும் சராசரி ரன்) 1.93. பெரிய கர்வ்பால் ஒன்று வைத்திருந்தார். கண் மட்டத்தில் கிளம்பி முழங்காலுக்குக் கீழே விழும். பேட்டர்கள் வரிசையாக வந்து காற்றை அடித்துவிட்டுப் போவார்கள். அலுவலகத்தில் கிடைத்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், இன்னும் ரெண்டு வருஷத்தில் பாருங்கள் என்று.

அதே மனிதர் அதே 2017இல் பைரேட்ஸுக்காகப் போட்டது 62 இன்னிங்ஸ். ஈ.ஆர்.ஏ. 7.69.

ஒரே ஆள், ஒரே கை, ஒரே வருடம். இங்கே ஒன்பது இன்னிங்ஸுக்கு இரண்டு ரன்கூட இல்லை, அங்கே ஏழரைக்கும் மேல். இந்த இரண்டு எண்களையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பிட்சர் விஷயத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த இடைவெளியைப் புரிந்துகொள்ள முயன்றதில் வந்ததுதான்.

புரியவைத்தவர் பக்கத்து இருக்கைப் பெரியவர். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பென்சிலால் ஸ்கோர்ஷீட் எழுதுகிற பழைய ஆள். நான் ஒவ்வொரு பந்துக்கும் ஸ்கோர்போர்டில் வேகத்தைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "உனக்கு அந்தப் பலகையைத்தான் பார்க்கணும்னா வீட்டிலேயே இருந்திருக்கலாமே" என்றார். பிறகு பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிற கேட்சரைப் பென்சிலால் காட்டினார். பந்து கிளம்பும்முன் கிளவுஸ் எங்கே இருக்கிறது, பந்து வந்ததும் எங்கே நகர்கிறது, அதைப் பார் என்றார். அவ்வளவுதான் பாடம்.

அன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். கிளவுஸ் அசையவே இல்லை அல்லது கொஞ்சம்தான் அசைந்தது என்றால் ஒரு கோடு. கேட்சர் உடம்பைத் திருப்பி எட்டிப் பிடித்தால் ஒரு பெருக்கல் குறி. எளிய வேலை, ஆனால் ஏமாற்றாது. ஸ்டிரைக் (பேட்டர் அடிக்கக்கூடிய கட்டத்துக்குள் வரும் பந்து) போடுவது வேறு, நினைத்த இடத்தில் ஸ்டிரைக் போடுவது வேறு. ஸ்கோர்ஷீட்டில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஒரு இரவு சொல்கிறேன். இடக்கைப் பையன், பெயர் வேண்டாம். முதல் இன்னிங்ஸ் ஒன்பது பந்து, மூன்று பேர் வெளியே. பலகையில் 97 மைல், 98 மைல். புல்வெளியில் படுத்திருந்த கூட்டம் எழுந்து கைதட்டியது. என் நோட்டில் ஒன்பதுக்கு ஆறு பெருக்கல் குறி. கேட்சர் வெளிப்பக்கம் தாழ்வாகக் கேட்கிறார், பந்து உள்பக்கம் நெஞ்சு உயரத்துக்கு வருகிறது. பேட்டர் அதையும் அடிக்கப் போய் ஏமாறுகிறார், 98 மைல் ஆயிற்றே. நான்காவது இன்னிங்ஸில் பேட்டிங் வரிசை இரண்டாம் சுற்று வந்தது. அதே பேட்டர்கள் இப்போது கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேர் வாக், அதாவது நாலு பந்து கட்டத்துக்கு வெளியே போனதால் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போனார்கள். மூன்றாவது ஆளுக்கு முதல் இரண்டு பந்தும் பால், கட்டத்துக்கு வெளியே. அடுத்தது ஃபாஸ்ட்பால்தான் என்று மைதானத்தில் ஹாட்டாக் விற்கிறவருக்கும் தெரியும். நடுவில் வந்தது, இடப்பக்கச் சுவரில் மோதியது. மறுநாள் கணக்கில் பார்த்தால் நாலு இன்னிங்ஸ், ஏழு ஸ்டிரைக்அவுட், இரண்டு ரன். படித்தவர்கள் நல்ல ஆட்டம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

கிளாஸ்னோவுக்கும் 2017இல் நடந்தது ஏறக்குறைய இதுதான் என்று பிறகுதான் உறைத்தது. டிரிபிள்-ஏ பேட்டர் அந்தக் கர்வ்பாலைத் துரத்துவார். மேஜர் லீக் பேட்டர் விட்டுவிடுவார், வேறு வழியில்லாமல் நடுவில் போடும் பந்துக்காகக் காத்திருப்பார். எனவே இரண்டு பால் விழுந்து பின்தங்கியிருக்கும்போது பிட்சர் என்ன போடுகிறார் என்பதற்கு என் நோட்டில் தனிப் பத்தி உண்டு. அந்த நேரத்தில் தைரியமாக, விலகிப்போகும் ஸ்லைடரோ மெதுவான சேஞ்ச்அப்போ போட்டு ஸ்டிரைக் வாங்குகிற பையன் பெயருக்கு அடியில் கோடு போடுவேன். ஒரு ஆட்டத்தில் அது நாலைந்து தடவைதான் வரும், பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

கிளாஸ்னோ கதை அங்கே முடியவில்லை. 2018 ஜூலை கடைசியில் பைரேட்ஸ் அவரையும் ஆஸ்டின் மெடோஸையும், பின்னால் சொல்கிறோம் என்று இன்னொரு ஆளையும் சேர்த்து டாம்பா பே ரேஸ் அணிக்குக் கொடுத்து கிறிஸ் ஆர்ச்சர் என்ற பிட்சரை வாங்கினார்கள். அந்த இன்னொரு ஆள் ஷேன் பாஸ், 2017 டிராஃப்டில் (அணிகள் சுற்றுச் சுற்றாக இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) முதல் சுற்றில் எடுத்த பிட்சர். ஆர்ச்சர் 2019இல் 5.19 ஈ.ஆர்.ஏ. கிளாஸ்னோ டாம்பாவில் வேறு ஆளாகிவிட்டார். பந்தைத் தாழ்வாகப் போட்டுத் தரையில் உருட்டவைப்பது அன்றைய பைரேட்ஸ் பாணி. ரேஸ் அவரிடம், ஓரம் தேடாதே, உன் வேகத்தை நம்பி ஸ்டிரைக் ஸோனுக்குள் போடு என்றார்கள். பையன் சரியில்லை என்று எழுதும் முன் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் யார் என்று பார்க்க வேண்டும். இதை நோட்டில் எழுத எனக்கு இன்னும் பத்தி கிடைக்கவில்லை.

இது தெரிந்தும் க்வின் பிரீஸ்டர் என்ற பைரேட்ஸ் பிட்சர் விஷயத்தில் திரும்பவும் அதே பள்ளத்தில் விழுந்தேன். 2019இல் முதல் சுற்று, இல்லினாய்ஸ் பள்ளி மாணவர். யூடியூப் பார்த்தே பாதி வித்தையைக் கற்றவர் என்பார்கள். நல்ல கர்வ்பால். ஆனால் ஃபாஸ்ட்பால்? 2023 நோட்டில் அவர் பெயருக்கு எதிரே நான் எழுதியது: "பந்து செத்து வருகிறது. மேலே போனால் அடி வாங்குவான்." நல்ல ஃபோர்-சீம் பந்தில் (நேராக வரும் ஃபாஸ்ட்பால்) பின்சுழற்சி அதிகம், பேட்டர் எதிர்பார்க்கும் அளவுக்குக் கீழே விழாது. அவர் மட்டை பந்துக்கு அடியில் போகும். பிரீஸ்டர் பந்தில் அது இல்லை. அந்த வருடம் பிட்ஸ்பர்கில் 50 இன்னிங்ஸ், ஈ.ஆர்.ஏ. 7.74. பார்த்தீர்களா என்று பெரியவரிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

2024 ஜூலையில் பாஸ்டனுக்கு மாற்றினார்கள். 2025 ஏப்ரலில் பாஸ்டன் அவரை மில்வாக்கிக்குக் கொடுத்தது. மில்வாக்கியில் கீழே இறங்கும் சிங்கரைக் கூட்டி, கடைசியில் லேசாக விலகும் கட்டர் ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். 13 வெற்றி, 3 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 3.32. நான் பார்த்த குறை உண்மைதான், இல்லாததை எழுதவில்லை. அந்தப் பந்தைப் போடாமலே பிழைக்கலாம் என்பதுதான் எனக்குத் தோன்றவில்லை. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தார், அதுவே போதும்.

இப்போதெல்லாம் எண்களுக்குப் பஞ்சமில்லை. 2023இலிருந்து டிரிபிள்-ஏ ஆட்டங்களின் ஒவ்வொரு பந்துக்கும் வேகம், சுழற்சி, எவ்வளவு விலகியது என்று பேஸ்பால் சாவன்ட் தளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். நானும் ராத்திரி பார்ப்பேன். ஆனால் கேட்சர் எங்கே கேட்டார் என்பது அந்த அட்டவணையில் இருக்காது. அதற்குத்தான் போர்வையைச் சுற்றிக்கொண்டு போய் உட்காருகிறேன். அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டுகளும் அங்கேதான் உட்காருவார்கள், மடியில் ரேடார் கன், கையில் பேனா. ஒவ்வொரு பந்துவகைக்கும் 20இலிருந்து 80 வரை மதிப்பெண் போடுவது அவர்கள் வழக்கம். நம் பள்ளிக்கணக்கில் 50 என்றால் வீட்டில் திட்டு விழும். இங்கே 50 என்றால் மேஜர் லீக் சராசரி, அது கிடைத்தால் போதும் என்று ஏங்குகிற பையன்கள் எத்தனையோ பேர்.

எறியும் கையை மட்டும் பார்த்து ஆள் எடுத்த கதை நம் நாட்டோடும் சம்பந்தப்பட்டது. 2008இல் இந்தியாவில் பந்தெறியும் போட்டி நடத்தி ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற இரண்டு ஈட்டி எறியும் இளைஞர்களைக் கண்டுபிடித்தார்கள். ஒப்பந்தம் செய்த அணி இதே பைரேட்ஸ். இருவரும் மைனர் லீகின் கீழ்ப்படிகளைத் தாண்டவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அதற்குமுன் பேஸ்பாலைத் தொட்டே பார்க்காதவர்கள் அவ்வளவு தூரம் போனதே அதிசயம்.

பால் ஸ்கீன்ஸைப் பற்றி எழுதவில்லையே என்று கேட்பீர்கள். எழுத என்ன இருக்கிறது? 2023 டிராஃப்டில் முதல் ஆள். 2024இல் எங்கள் ஊருக்காக ஏழு ஆட்டம், 27 இன்னிங்ஸ் சொச்சத்தில் மூன்றே ரன், 45 ஸ்டிரைக்அவுட். மே 11 அன்று மேஜர் லீகில் இறங்கினார், வருட முடிவில் சிறந்த புதுமுகம், அடுத்த வருடம் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. சந்தேகப்பட இடமே கொடுக்காத ஆளைப் பார்ப்பதில் சந்தோஷம் உண்டு, எனக்கு வேலை இல்லை. அவருடைய பக்கத்தில் கோடுகள் மட்டும்தான் இருக்கின்றன.

சந்தேகத்துக்கு இடம் கொடுத்தவர் பப்பா சாண்ட்லர். 2021இல் மூன்றாம் சுற்று. பள்ளியில் அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக், பேஸ்பாலிலும் பந்து போடுவார், பேட்டும் பிடிப்பார். பேட்டைக் கீழே வைக்கச் சொன்னது கொஞ்சம் தாமதமாகத்தான். 2025 தொடக்கத்தில் இங்கே யாராலும் தொட முடியவில்லை. இவனை ஏன் இன்னும் மேலே கூப்பிடவில்லை, பின்னால் சம்பளம் ஏறும் என்று நாளைக் கடத்துகிறார்களா என்று ரசிகர்கள் கொதித்தார்கள். நானும்தான். அப்புறம் கோடையில் வாக் கூடியது. என் நோட்டில் ஒரு ராத்திரி பெருக்கல் குறி போட்டுப் போட்டு பேனா மை தீர்ந்தது. இவனும் கிளாஸ்னோ வழிதான் என்று எழுதிவிட்டேன். ஆகஸ்ட் 22 அன்று மேலே போனவர், முதல் ஆட்டத்திலேயே நாலு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் போட்டு சேவ் (அணியின் முன்னிலையைக் கடைசிவரை காத்ததற்கான கணக்கு) வாங்கினார். நடுவில் ஒரு ஆட்டம் செம அடி வாங்கினார், உண்மை. ஆனால் மேலே போன அந்த முதல் மாதம் முழுக்க வாக் மிகக் குறைவு. இங்கே சிதறிய கை அங்கே எப்படி அடங்கியது? இங்கே அலுத்துப்போயிருந்தாரோ என்னவோ. எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இவ்வளவுக்கும் மேலே முழங்கை. அதைப் பார்க்க எந்த இருக்கையும் உதவாது. மைக் பரோஸ், பிராக்ஸ்டன் ஆஷ்கிராஃப்ட் இருவருமே டாமி ஜான் என்ற முழங்கைத் தசைநார் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, ஒரு வருடத்துக்கும் மேல் உட்கார்ந்திருந்து, திரும்பி வந்து மேலே போனவர்கள். ஜாரெட் ஜோன்ஸ் 2024இல் ஏறிப்போய் எல்லோரையும் வாய்பிளக்க வைத்தார், 2025 மே மாதம் முழங்கை அறுவை. பிட்சிங் பிராஸ்பெக்ட் (நாளைக்குப் பெரிய ஆளாவான் என்று நம்பப்படும் இளம் பிட்சர்) என்று ஒரு சங்கதியே கிடையாது என்று இங்கே ஒரு பழைய கிண்டல் உண்டு. ஜோன்ஸ் செய்தி வந்த அன்று சிரிக்க முடியவில்லை.

கடைசியாக ஒன்று. போன ஆகஸ்டில் மனைவி கூட வந்திருந்தாள். பேட்டிங் பக்கம் பார்க்காமல் பிட்சரையே பார்த்துக்கொண்டிருந்தவள் மூன்றாவது இன்னிங்ஸில், "ஏங்க, இப்ப மெதுவா வரப்போகுது பாருங்க" என்றாள். சேஞ்ச்அப். இரண்டு பந்து கழித்துத் திரும்பவும் சொன்னாள், திரும்பவும் சேஞ்ச்அப். எப்படித் தெரியும் என்றேன். "மெதுவான பந்துன்னா கையும் மெதுவா வருதே. சின்ன வயசுல எங்க அண்ணன் ஸ்லோ பால் போட்டா இப்படித்தான், நான் சிக்ஸ் அடிப்பேன்." எட்டு நோட்டில் ஒரு இடத்தில்கூட நான் அதை எழுதவில்லை. கண் முழுக்க கிளவுஸில் இருந்தது.

அடுத்த வாரம் இன்னொரு பையனின் ஆட்டம். நோட்டை அவளிடம் கொடுத்துவிட்டேன். ஐந்து இன்னிங்ஸுக்கு அவள் எழுதியது ஒரே வரி: "கை மாறவே இல்லை, எனக்கு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல." அந்தப் பையன் வேகம் 92தான், எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை. மார்ச் கடைசியில் சீசன் தொடங்குகிறது. நாலு நோட்டு மிச்சம் இருக்கிறது.