துரையும் நானும்: லாயத்து நாட்குறிப்பு

ஏப்ரல் 6, 2025, ஞாயிறு

துரைக்கு வயது ஏழு. தரோபிரெட் இனம், விதையடித்த ஆண், செம்பழுப்பு உடம்பு, கறுப்புப் பிடரி, நெற்றியில் சின்னதாக ஒரு வெள்ளைச் சுட்டி. சிங்கப்பூரின் கிராஞ்சி பந்தயத் திடலில் ஓடிக்கொண்டிருந்தவன். போன அக்டோபர் 5ஆம் தேதி அங்கே கடைசிப் பந்தயம் முடிந்ததும் நிறைய குதிரைகள் வெளிநாடு போய்விட்டன. சில இங்கேயே சவாரி லாயங்களுக்கு வந்தன. இந்த ஊரில் 1842இல் தொடங்கிய பந்தயக் கதை அது. முதலில் ஃபேரர் பார்க், 1933இல் புக்கிட் தீமா, 1999இல் கிராஞ்சி. இப்போது ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வாழையிலைச் சாப்பாடு மட்டும் மிச்சம்.

துரை என்று பெயர் வைத்தது சைஸ் அண்ணன், லாயத்தில் குதிரைகளைப் பராமரிப்பவர். பந்தயப் பெயர் வேறு, நீளமானது, அது இனி அவனுக்கு வேண்டாம் என்றார். நானும் இன்னொரு பெண்ணும் பங்கு போட்டு அவனை லீஸ் எடுத்திருக்கிறோம். சில மாதங்களுக்கு ஏறப்போவதில்லை. தரையில் நின்று பழகுவதுதான் முதல் வேலை என்று பயிற்சியாளர் சொன்னபோது எனக்கு ஏமாற்றமே இல்லை. அதற்காகத்தான் வந்தேன்.

காலை ஏழு மணிக்கு முன்பே போய்விட்டேன், வெயில் ஏறுவதற்குள். துரைக்குக் குளிப்பாட்டத் தெரியும், லாடம் அடிக்கக் கால் கொடுக்கத் தெரியும், வண்டியில் ஏறத் தெரியும். பந்தயக் குதிரைகள் இதிலெல்லாம் கெட்டிக்காரர்கள். ஒரு மனுஷி எதுவும் செய்யாமல் பக்கத்தில் நிற்பதுதான் அவனுக்குப் புதிது. காதுகள் முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருந்தன. என்னிடமிருந்து ஏதோ வேலை வரப்போகிறது என்று காத்திருந்தான்.

குதிரையின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்ட 350 டிகிரி பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சமும் வாலுக்கு நேர் பின்னாலும்தான் தெரியாது. அதனால் முகத்துக்கு நேராகப் போய்க் கை நீட்டாமல், தோளை நோக்கிச் சாய்வாகப் போனேன். கழுத்து முதுகோடு சேரும் மேட்டில் சொறிந்துகொடுத்தேன். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு குறைகிறது. கொஞ்ச நேரத்தில் துரையின் மேலுதடு நீண்டு ஆடியது.

அண்ணன் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவன் இப்பதான் யாருன்னு கேக்குறாம்மா. அவசரப்பட்டு பதில் சொல்லாத."

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. காலையில் கோயில், மதியம் வீட்டில் மாங்காய்ப் பச்சடியும் வேப்பம்பூ ரசமும். சாயங்காலம் லாயம்.

இன்று பின்னால் நகரக் கற்றுக்கொடுத்தேன். ரோப் ஹால்ட்டர், அதாவது முடிச்சுப் போட்ட கயிற்றுத் தலைக்கட்டு. அதில் கோத்த நீளமான பிடிகயிறு. வாயில் இரும்பு கிடையாது. முதலில் நிமிர்ந்து நின்று அவன் மார்பைப் பார்க்க வேண்டும். நகரவில்லையா, விரலால் கயிற்றை லேசாக ஆட்ட வேண்டும். அப்புறம் மணிக்கட்டால், அப்புறம் முழங்கையிலிருந்து. அவன் எடையைப் பின்காலுக்கு மாற்ற நினைத்தாலே போதும், கயிறு உடனே செத்துத் தொங்க வேண்டும்.

இந்தக் கடைசி வரியில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது. குதிரை கற்பது நாம் அழுத்தும்போது அல்ல, விடும்போது. கயிறு தளர்ந்த கணத்துக்குச் சற்று முன் தான் என்ன செய்தோமோ அதுதான் சரி என்று அது எடுத்துக்கொள்கிறது. இரண்டு மூன்று நொடி தாமதித்து விட்டால் வேறு எதையோ கற்றுக்கொடுத்ததாகிவிடும். தலையைத் தூக்கிய நேரத்தில் விட்டால் தலை தூக்கக் கற்கும். நடை பழகும் பிள்ளையிடமிருந்து விரலை எப்போது உருவிக்கொள்வது என்று தாய்க்குத் தெரிகிற மாதிரி, கையில் ஒரு கவனம் வர வேண்டும்.

அமெரிக்காவில் டாம் டோரன்ஸும் அவரிடம் கற்ற ரே ஹன்ட்டும் இந்த வழியைப் பரப்பினார்கள். கௌபாய்கள் குதிரையை முரட்டுத்தனமாக உடைத்துப் பழக்கிய காலத்தில், குதிரை தானே யோசித்துச் சரியானதைக் கண்டுபிடிக்க நேரம் கொடுங்கள் என்றவர்கள் அவர்கள். கிரேக்கத்தில் செனஃபன் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே, கோபத்தோடு குதிரையிடம் போகாதே என்று எழுதியிருக்கிறார்.

துரை ஒரு அடி பின்வாங்கினான். கயிற்றை விட்டேன். பெருமூச்சு விட்டான். இன்றைக்கு அவ்வளவு போதும் என்று லாயத்துக்கு அழைத்துப் போனேன். பயிற்சியாளருக்கு அது பிடித்திருந்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

மின்னல் எச்சரிக்கை. வெளியே யாரும் போகவில்லை. மின்விசிறிக்குக் கீழே துரையின் குளம்புகளைச் சுத்தம் செய்தேன். இந்த ஊர் ஈரத்தில் குளம்பின் நடுப்பகுதி அழுகி நாறத் தொடங்கிவிடும், தினமும் பார்க்க வேண்டும். நான்கும் சுத்தம். பின்காலைத் தூக்கும்போது இப்போது என் மேல் சாய்வதில்லை, தானே நிற்கிறான்.

மே 12, திங்கள், விசாக தினம்

விடுமுறை என்பதால் வெகுநேரம் இருந்தேன். இன்று வட்டத் தொழுவம், ரவுண்ட் பென்.

மான்டி ராபர்ட்ஸ் பிரபலமாக்கிய முறை பற்றிப் பலரும் கேட்கிறார்கள். கட்டில்லாத குதிரையை வட்டத்துக்குள் விட்டு, நாம் நடுவில் நின்று அதை ஓடச் சொல்வது. உள்பக்கக் காது நம் பக்கம் திரும்பும், வட்டம் சிறிதாகும், நாக்கைச் சுழற்றி மெல்லும், தலை தாழும். அப்போது நாம் தோளைத் திருப்பி விலகி நின்றால் அது நம்மிடம் வந்து பின்னாலேயே நடக்கும். பார்க்க மிக அழகாக இருக்கும். கூட்டம் கைதட்டும்.

எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு, அதை இங்கே எழுதிவைக்கிறேன். வேலி போட்ட இடத்தில் துரத்தப்படும் பிராணி, துரத்துவது நிற்கும் ஒரே இடத்துக்கு வருவதை அன்பு என்று உடனே சொல்ல முடியுமா? அந்த மெல்லுதலைப் பணிவின் அடையாளம் என்பார்கள். பதற்றம் குறைந்து உடம்பு தளரும்போதும் அது வரும் என்று ஆய்வு செய்தவர்கள் சொல்கிறார்கள். அதாவது சற்று முன்வரை பதற்றம் இருந்தது என்றும் அதற்குப் பொருள். வாழ்நாள் முழுக்க "ஓடு, ஓடு" என்று மட்டுமே கேட்ட ஒரு பந்தயக் குதிரையிடம் நானும் போய் முதலில் ஓடச் சொல்ல வேண்டுமா? அதுவும் இந்த வெக்கையில்?

பயிற்சியாளரிடம் இதைச் சொன்னேன். அவர் யோசித்தார். "சரி, நடையிலேயே செய்து பார்" என்றார்.

அதனால் கயிறில்லாமல், ஓட்டாமல், நானே வட்டத்துக்குள் நடந்தேன். துரை வேலி ஓரம் புல் தேடினான். அவன் என்னைப் பார்த்த ஒவ்வொரு முறையும் ஒரு அடி பின்வாங்கி இடம் கொடுத்தேன். அவன் திரும்பிக்கொண்டால் அவனுடைய பின்பக்கத்தை நோக்கி மெதுவாக நடந்தேன், அவ்வளவுதான். நேரம் பிடித்தது. வேலிக்கு வெளியே பக்கத்து லாயத்துக் குட்டிக் குதிரைகளைக் கழுவிக் கட்டிவிட்டார்கள். பிறகு அவன் வந்தான். மூக்கை என் தோள்பையில் வைத்து முகர்ந்துவிட்டு நின்றான். நான் நடந்தேன், நடந்தான். நின்றேன், நின்றான். போக வேண்டும் என்று நினைத்திருந்தால் போயிருக்கலாம், வட்டத்தின் மறுபக்கம் முழுக்கக் காலி இடம்.

இதுவும் அழுத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் "வேண்டாம்" என்று சொல்ல அவனுக்கு இடம் இருந்தது. நான் தேடுவது அதைத்தான்.

ஜூன் 1, ஞாயிறு

பின்பக்கத்தை நகர்த்தும் பயிற்சி. விலாவுக்குப் பின்னால் பார்வையைச் செலுத்தினால் உள்பக்கப் பின்கால் மற்ற காலுக்கு முன்னால் குறுக்கே போக வேண்டும். குதிரையின் எஞ்சின் பின்னால் இருக்கிறது. கால்கள் குறுக்கே இருக்கையில் அதனால் பாய்ந்து ஓட முடியாது. பின்னாளில் மேலே உட்கார்ந்திருக்கும்போது மிரண்டால், ஒரு பக்கக் கடிவாளத்தை மட்டும் மெல்ல வளைத்து இதே அசைவைக் கேட்டு நிறுத்தலாம். பந்தயத்தில் ஜாக்கி கடிவாளத்தை இறுகப் பிடிக்க, குதிரை அதில் சாய்ந்துகொண்டே வேகமெடுக்கும். ஆகவே துரையை இரண்டு கையாலும் இழுத்து நிறுத்த நினைப்பது, அவன் பாஷையில் "போ" என்று சொல்வது. இது உயிர் காக்கும் விஷயம், அழகுக்காக அல்ல.

இடப்பக்கம் நன்றாகச் செய்கிறான். வலப்பக்கம் விறைப்பு.

ஜூன் 21, சனி

சைஸ் அண்ணன் மலேசியாவின் ஜோகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வருகிறார். குதிரை மேல் கை வைத்தே காய்ச்சல் சொல்லிவிடுவார். இன்று துரையின் கழுத்தைத் தொட்டுவிட்டு, "வேர்வை பத்தல" என்றார்.

நான் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். வெப்ப நாடுகளில் ஓயாமல் வேர்த்து வேர்த்துச் சில குதிரைகளின் வியர்வைச் சுரப்பிகள் வேலை செய்வதை நிறுத்திவிடும். நன்றாக ஓடிய பிறகும் தோல் உலர்ந்திருக்கும், மூச்சு மட்டும் இறைக்கும். குதிரையின் சாதாரண உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி வரை. துரைக்கு அதைவிடச் சற்று கூட. குளிர்ந்த நீரை உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே இருந்தோம். நிழல், விசிறி, தண்ணீரில் உப்புச் சத்து. மருத்துவர் வந்து பார்த்தார். முழுமையாக நிற்கவில்லை, குறைந்திருக்கிறது, வேலையை விடியற்காலைக்கு மாற்றுங்கள் என்றார்.

13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அங்கே கடல் வழியாக ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கியும், பராமரிக்கத் தெரிந்த ஆளில்லாமல் பெரும்பாலானவை செத்துப்போவதாக எழுதினார். மாணிக்கவாசகரிடம் குதிரை வாங்கப் பொன் கொடுத்து அனுப்பிய மன்னன் கதை நம் எல்லாருக்கும் தெரியும். அப்படிப் பொன் கொடுத்து வாங்கிய காலத்தில் நிஜமாகவே வந்திறங்கிய குதிரைகளை யார் கழுவினார்கள், யார் தீவனம் கொடுத்தார்கள் என்று ஒருவரும் பாடவில்லை. அந்த வேலைக்காரர்களைத்தான் எனக்கு இன்று நினைக்கத் தோன்றுகிறது. துணை என்று ஒன்று இருந்தால் அது முதலில் வாளியிலும் தெர்மாமீட்டரிலும் இருக்கிறது. கயிற்றுப் பயிற்சியெல்லாம் அதற்கப்புறம்தான்.

ஒரு வாரம் வெறும் புல் மேய்ச்சல்.

ஜூலை 12, சனி

தேசிய தின ஒத்திகைக் காலம். அடுக்குமாடி புளோக்குகளில் கொடிகள் தொங்க ஆரம்பித்துவிட்டன, வானத்தில் போர் விமானச் சத்தம்.

லாய வேலியிலும் கொடி கட்டியிருந்தார்கள். துரை அதைக் கண்டதும் கால் ஊன்றி நின்றான். அந்தச் சிவப்பு அவனுக்கு நமக்குத் தெரிவதுபோல் தெரியாது. நீலமும் மஞ்சளும்தான் குதிரைக் கண்ணுக்குப் பிரித்துத் தெரியும் நிறங்கள். அவனைக் கலக்கியது படபடப்பு.

கொடியை நோக்கி இழுத்துப் போகவில்லை. நானே ஒரு சிறிய கொடியைக் கையில் எடுத்துக்கொண்டு அவனை விட்டு விலகி நடந்தேன், அவன் பின்னால் வரும்படி. பயமுறுத்தும் பொருள் தன்னைவிட்டு ஓடுகிறது என்றால் குதிரைக்கு ஆர்வம் வந்துவிடும். சில சுற்றுகளில் கழுத்தை நீட்டி முகர்ந்தான். பிறகு அதன் துணியால் தோளில் தடவினேன். அவன் அசையாமல் நின்ற கணத்தில் எடுத்துவிட்டேன். அவன் நகரும்போது எடுத்தால் நகர்ந்தால் தப்பலாம் என்று கற்றுவிடுவான். பொறுமையாக, பக்கம் மாற்றி மறுபடியும். ஒரு கண் பார்த்ததை மறு கண் பக்கமும் காட்டுவது நல்லது.

விமானங்கள் மேலே கிழித்துக்கொண்டு போனபோது துள்ளினான். ஆனால் கயிற்றின் முழு நீளத்துக்கு ஓடவில்லை. துள்ளிவிட்டு என்னைப் பார்த்தான். உடம்பைத் தளர்த்தி மூச்சை வெளியே விட்டேன். தலையைக் கொஞ்சம் இறக்கினான். எனக்கு அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டேன். மூன்று மாதத்துக்கு முன்பு இந்தக் குதிரை பயந்தால் தூரத்தைத்தான் பார்ப்பான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று ஏறினேன்.

ஜாக்கியை ஒருவர் காலைப் பிடித்துத் தூக்கிவிட, பந்தயக் குதிரை பெரும்பாலும் நடந்துகொண்டே இருக்கும். ஏறுபடிக் கட்டைக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்பது துரைக்குப் புதிய பாடம். அதனால் பல வாரங்களாகக் கட்டையில் ஏறி நிற்பது, சொறிந்துகொடுப்பது, இறங்கிப் போவது, அவ்வளவுதான் செய்துவந்தோம். விறைப்பாக இருந்த வலப்பக்கமும் இளகிவிட்டது. இன்று விடியலில் கட்டை மேல் நான் நின்றதும் அவனே பக்கவாட்டில் வந்து சேணத்தை எனக்கு நேராக நிறுத்தினான். வயிற்றின் மேல் சாய்ந்து பார்த்தேன், நின்றான். காலைப் போட்டேன். காது இரண்டும் என் பக்கம் திரும்பின.

நடக்கச் சொல்லவில்லை. கழுத்தை இடப்பக்கம் வளைத்து என் காலணியை முகரச் சொன்னேன், பிறகு வலப்பக்கம். அண்ணன் கயிறு இல்லாமல் பக்கத்தில் நின்றார். அப்புறம் நான் மூச்சை உள்ளே இழுத்து நிமிர்ந்தேன். தரையில் அதற்கு "புறப்படுவோம்" என்று அவனுக்குத் தெரியும். புறப்பட்டான். தளர்ந்த கடிவாளத்தோடு ஒரு வட்டம், கிராஞ்சியில் ஓடியவன், மாடு மேய்ப்பவர் நடையில் நடந்தான். மூச்சை விட்டு உட்கார்ந்தேன், நின்றான்.

"இறங்கிடும்மா, நல்லா இருக்கும்போதே" என்றார் அண்ணன். இறங்கினேன்.

செவ்வாய்க்கிழமை லாடம் அடிப்பவர் வருகிறார். பின்கால் லாடங்களைக் கழற்றிவிடலாமா என்று கேட்க வேண்டும். துரைக்கு வேர்வை பாதி நாள் சரியாக வருகிறது, பாதி நாள் இல்லை. வெயில் குறையும் மாதம் வரை ஓட்டம் வேண்டாம், நடை மட்டும். பங்கு லீஸ் பெண்ணிடமும் பேசிவிட்டேன், அவளும் சரி என்றாள்.